விங்லெட் போடலாமா, இறக்கையை நீட்டலாமா? கணக்கிலிருந்து ஹேங்கர் வரை

பயணிகள் விமானத்தின் இறக்கை நுனியில் மேல்நோக்கி வளைந்து நிற்கும் அந்தத் துண்டு, அதாவது விங்லெட், எதற்கு என்று கேட்டால், "நுனியில் உண்டாகும் காற்றுச் சுழலைத் தடுக்க" என்று பதில் வரும். பாடப்புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வரியை நம்பி விங்லெட் வடிவமைக்க உட்கார்ந்தால், நுனியில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிவிட்டு, எரிபொருள் ஏன் குறையவில்லை என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும். ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1897-லேயே நுனித் தட்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வெறும் தட்டு தன் பரப்பின் உராய்வாலேயே கிடைத்த லாபத்தைத் தின்றுவிடுவதால், அந்த யோசனை பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தது.

தூக்குவிசை உண்டாகும்போது இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. எவ்வளவு அகலமான காற்றைத் தள்ளுகிறதோ, அவ்வளவு மெதுவாகத் தள்ளினால் போதும். மெதுவாகத் தள்ளினால் வீணாகும் ஆற்றலும் குறைவு. அந்த வீண் செலவுதான் தூண்டல் இழுவை, அதாவது இன்டியூஸ்டு டிராக். விங்லெட்டும் ஒரு குட்டி இறக்கைதான். நுனிக்கு மேலே காற்று சற்று உள்நோக்கிப் பாய்கிறது. சரியான கோணத்தில் நிற்கும் விங்லெட்டில் உண்டாகும் விசை உள்நோக்கியும், கொஞ்சம் முன்நோக்கியும் சாய்கிறது. மொத்தத்தில், விமானம் தன் உண்மை நீளத்தைவிட நீண்ட இறக்கையோடு பறப்பதுபோல் நடந்துகொள்கிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இறக்கையைப் பக்கவாட்டில் நீட்ட இடமிருக்கிறதா? இருந்தால் நீட்டுங்கள். இல்லாவிட்டால்தான் மேலே போக வேண்டும்.

முதலில் அளவுநாடா

வடிவத்தை யோசிக்கும் முன் விமான நிலையத்தை யோசியுங்கள். ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரையிலான நீளத்தை இனி விரிவு என்போம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, விமானங்களை விரிவைக் கொண்டு வகை பிரிக்கிறது. 24 மீட்டர் முதல் 36 மீட்டருக்குள் இருந்தால் சி வகை, 52-க்குள் டி, 65-க்குள் இ, 80-க்குள் எஃப். ஏ320, போயிங் 737 போன்றவை நிற்கும் வாயில்கள் சி வகைக்காகக் கட்டப்பட்டவை. ஷார்க்லெட் (ஏர்பஸ் தன் விங்லெட்டுக்கு வைத்த பெயர்) பொருத்திய ஏ320-இன் விரிவு 35.8 மீட்டர், விங்லெட் பொருத்திய 737-800-இன் விரிவும் 35.8 மீட்டர். இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்பது தற்செயல் அல்ல. 36 என்ற கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

பெரிய விமானங்களிலும் இதே கதைதான். 777-300இஆர் விரிவு 64.8 மீட்டர், இ வகையின் விளிம்பு. அடுத்து வந்த 777எக்ஸ் இறக்கை சுமார் 71.8 மீட்டர். அது வாயிலுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காகவே நுனியை மடக்கும் கீலை வைத்து, தரையில் 65-க்குள் கொண்டுவந்தார்கள். கீல், பூட்டு, மோட்டார் என்று இவ்வளவு எடையைச் சுமந்தாவது பக்கவாட்டு நீளத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள் என்றால், நீட்டல் எவ்வளவு மதிப்புள்ளது என்று புரிந்துகொள்ளலாம். 79.75 மீட்டர் விரிவுள்ள ஏ380-க்கு 80 என்ற பெட்டிக்குள் நகரவே இடமில்லை. அதனால்தான் அதில் ஃபென்ஸ் எனப்படும், மேலும் கீழும் நீளும் சிறிய நுனித் தட்டு.

நீட்ட இடம் உள்ள இடங்களில் நுனியைப் பின்நோக்கிக் கூர்மையாகச் சரித்து நீட்டுகிறார்கள். அதுதான் ரேக்டு டிப். 767-400இஆர், 777-300இஆர், 787 ஆகியவற்றில் அதைப் பார்க்கலாம். அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து பறக்கும் கடற்படையின் பி-8ஐ விமானமும் 737 குடும்பம்தான். ஆனால் அதில் நிமிர்ந்த விங்லெட் கிடையாது, ரேக்டு டிப்தான். பயணிகள் வாயிலில் போய் நிற்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

கையால் போடும் கணக்கு

கம்ப்யூட்டரில் எதையும் ஓட்டுவதற்கு முன் ஒரு தாளில் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும். பின்னால் கம்ப்யூட்டர் தரும் விடை தப்பா சரியா என்று சொல்ல இந்தத் தாள்தான் உதவும்.

எடையை விரிவால் வகுத்து, வர்க்கப்படுத்துங்கள். அதை 3.14 × திறன் எண் × இயக்க அழுத்தம் என்ற பெருக்குத்தொகையால் வகுத்தால் தூண்டல் இழுவை கிடைக்கும். திறன் எண் என்பது இறக்கை தன் நீளத்தை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிறது என்பதைக் குறிப்பது. இங்கே 0.8 என்று வைப்போம். இயக்க அழுத்தம் என்பது காற்று தன் வேகத்தால் தரும் அழுத்தம்.

ஏ320 அளவுள்ள ஒரு விமானம், 70 டன், விரிவு 34.1 மீட்டர், 35,000 அடியில் மாக் 0.78, அதாவது ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு. எடை 6,86,700 நியூட்டன். 34.1-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 20,138. வர்க்கம் சுமார் 40.55 கோடி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் 23,842 பாஸ்கல். 0.7 × 23,842 × 0.78 × 0.78 என்று பெருக்கினால் இயக்க அழுத்தம் 10,154 பாஸ்கல். கீழ்ப்பகுதி சுமார் 25,500. ஆகவே தூண்டல் இழுவை சுமார் 15,900 நியூட்டன். தூக்குவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதம் 17 என்று கொண்டால் மொத்த இழுவை 40,400 நியூட்டன். தூண்டல் இழுவையின் பங்கு 39 சதவீதம். பயணிகள் ஜெட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, கணக்கு தடம் மாறவில்லை.

அதே விமானத்தைத் தரையை விட்டு எழுந்தவுடன் 150 நாட் (மணிக்கு சுமார் 278 கி.மீ.) வேகத்தில் பாருங்கள். இயக்க அழுத்தம் 3,650 பாஸ்கலாகக் குறைகிறது. எடை அதேதான். தூண்டல் இழுவை 44,000 நியூட்டனுக்கு மேல் ஏறிவிடுகிறது, பயண உயரத்தில் இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு இன்ஜின் நின்றுபோய் மற்றொன்றில் மலையைத் தாண்ட வேண்டிய கணத்தில் இந்த எண்தான் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று தீர்மானிக்கிறது. உயரமான, சூடான ஓடுதளங்களில் பறப்பவர்களுக்கு விங்லெட்டின் பெரிய லாபம் எரிபொருளைவிட இதுவாகவே இருக்கலாம்.

இப்போது நுனியில் 2.4 மீட்டர் உயர விங்லெட்டைப் பொருத்துவோம். வளைவோடு சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் 0.85 மீட்டர் வெளியே போகிறது, விரிவு 35.8. நிமிர்ந்து நிற்கும் நீளத்துக்கு, பக்கவாட்டு நீளத்தின் மதிப்பில் பாதிக்கும் சற்றுக் குறைவாக, 45 சதவீதம் கொடுப்பது ஒரு நல்ல தோராய விதி. 2.4 மீட்டருக்கு 1.08 மீட்டர். இரு பக்கமும் கூட்டினால், விமானம் 37.96 மீட்டர் விரிவு உள்ளதுபோல் நடந்துகொள்ளும். 34.1-ஐ 37.96-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.807. தூண்டல் இழுவையில் 19 சதவீதம் போச்சு, சுமார் 3,070 நியூட்டன்.

இனி கழித்தல். விங்லெட்டின் சராசரி அகலம் 0.9 மீட்டர் என்றால் இரு விங்லெட்டுகளின் உள்பக்கம் வெளிப்பக்கம் சேர்த்து 8.6 சதுர மீட்டர் புதுப் பரப்பு. உராய்வுக் குணகம் 0.003, தடிமனுக்காக ஒன்றேகால் மடங்கு. சுமார் 330 நியூட்டன் திரும்பப் போகிறது. மிச்சம் 2,740 நியூட்டன், மொத்த இழுவையில் 6.8 சதவீதம்.

இந்த 6.8-ஐ யாரிடமும் வாக்குறுதியாகக் கொடுத்துவிடாதீர்கள். ஏர்பஸ் ஷார்க்லெட்டுக்குச் சொன்னது நீண்ட தூரப் பயணங்களில் 4 சதவீதம் வரை. மீதி எங்கே போனது? ஏ320-இல் ஏற்கெனவே ஃபென்ஸ் இருந்தது, அது கொடுத்துக்கொண்டிருந்த லாபத்தைக் கழிக்க வேண்டும். பழைய இறக்கையின் முறுக்கு பழைய நுனிக்காக அமைந்தது, புது நுனிக்கு அது சரியான பங்கீடு அல்ல. கூட்டு மூலையில் கொஞ்சம் இழுவை. கூடுதல் எடை. ஏற்கெனவே பறக்கும் இறக்கையில் பொருத்துவதானால், தாளில் வரும் விடையைப் பாதியாக்கிக்கொள்வது பாதுகாப்பான பழக்கம்.

வடிவம்: நான்கு எண்கள், ஒரு மூலை

நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ரிச்சர்ட் விட்கோம்ப் 1976-இல் வெளியிட்ட காற்றுச் சுரங்க முடிவுகள்தான் இன்றுவரை நல்ல தொடக்கப் புள்ளி. மாக் 0.78-இல் தூண்டல் இழுவை சுமார் 20 சதவீதம் குறைந்தது, தூக்குவிசை-இழுவை விகிதம் சுமார் 9 சதவீதம் கூடியது. ஒப்பிடத்தக்க அளவு இறக்கையை நீட்டினால் கிடைப்பதைப்போல் இது இரண்டு மடங்குக்கு மேல் என்றார். ஒப்பிடத்தக்க என்பதற்கு அவர் கொடுத்த பொருள், இறக்கை உடற்பகுதியோடு சேரும் இடத்தில் விழும் வளைக்கும் பாரம் சமமாக இருக்க வேண்டும் என்பது. விங்லெட் ஆதரவாளர்கள் இந்த நிபந்தனையை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

உயரத்துக்கு விட்கோம்ப் எடுத்தது நுனியின் அகலத்துக்குச் சமமான நீளம். இன்றைய விங்லெட்டுகள் அதைவிட உயரம். 737-இல் சுமார் எட்டு அடி, 767-300இஆர்-இல் பதினோரு அடி. சாய்மானத்துக்கு, செங்குத்திலிருந்து வெளிப்புறமாக 15 முதல் 18 டிகிரி வரை எடுத்துத் தொடங்கலாம். அதிகம் சாய்த்தால் இழுவை குறையும், ஆனால் வாயிலில் இடம் போகும், இறக்கையின் மேல் பாரமும் ஏறும்.

மூன்றாவது எண்ணில்தான் பலர் சறுக்குகிறார்கள்: முன்விளிம்பு உள்ளே பார்க்க வேண்டுமா, வெளியே பார்க்க வேண்டுமா. உள்நோக்கி வரும் காற்றே விங்லெட்டுக்குத் தாக்குகோணத்தை (காற்றை விங்லெட் சந்திக்கும் கோணத்தை) கொடுத்துவிடுகிறது. அதற்கு மேல் நாமும் திருப்பிவைத்தால் சுமை ஏறி, மெதுவேகத்தில் விங்லெட் முதலில் ஸ்டால் ஆகும் (காற்று பரப்பை விட்டுப் பிரிந்துவிடும்), நுனி அதிரும். விட்கோம்ப் அதனால் முன்விளிம்பை சுமார் 4 டிகிரி வெளிப்பக்கம் திருப்பினார். ஒரேயடியாக வெளியே திருப்பிவிட்டாலும் ஆபத்து வேறு வகையில் வரும்: சுமையே ஏறாது, விங்லெட் சும்மா நிற்கும் பலகையாகி உராய்வை மட்டும் கூட்டும். காற்றுச் சுரங்க மாதிரியில் நூல் துண்டுகளை ஒட்டிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். ஸ்டால் ஆன இடத்தில் நூல்கள் பின்னோக்கிப் படியாமல் எழுந்து ஆடும்.

நான்காவது, எங்கே தொடங்குவது. விங்லெட்டின் அடியை நுனியின் முன்விளிம்பிலேயே நிறுத்தக் கூடாது. இறக்கையின் மேற்பரப்பில் காற்று வேகமெடுக்கும் இடமும் விங்லெட்டின் உள்பக்கத்தில் வேகமெடுக்கும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், மூலையில் ஒலிவேகத்தைத் தாண்டி அதிர்வலை உருவாகும். அதனால் அடியைப் பின்னுக்குத் தள்ளிப் பின்விளிம்போடு சேர்க்கிறார்கள். 747-400-இல் கூர்மையான மூலையோடு நிற்கும் விங்லெட்டைக் கவனித்தால் இந்தப் பின்தள்ளல் கண்ணுக்கே தெரியும்.

அந்த மூலையையே இல்லாமல் செய்தவர் லூயிஸ் கிராட்சர். போயிங்கிலிருந்து ஓய்வுபெற்று, சியாட்டிலில் ஏவியேஷன் பார்ட்னர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, இறக்கையும் விங்லெட்டும் பெரிய ஆரத்தில் வளைந்து கலக்கும் வடிவத்துக்கு 1994-இல் காப்புரிமை பெற்றார். கல்ஃப்ஸ்ட்ரீம் 2-இல் தொடங்கியது, 2001-இல் 737-800-இல் சேவைக்கு வந்தது. வளைவு ஆரம் பெரிதாக இருந்தால் அதிர்வலை இல்லை, ஆனால் அந்த வளைவு விரிவைத் தின்னும். ஆரத்தைத் தேர்வு செய்யும்போது மறுபடியும் அந்த 36 மீட்டர் கோடுதான் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பாரம் எங்கே விழுகிறது

நம் விங்லெட்டின் ஒரு பக்கப் பரப்பு 2.16 சதுர மீட்டர். விசைக் குணகம் 0.5 என்று கொண்டால் பயண வேகத்தில் அதன்மேல் சுமார் 11,000 நியூட்டன், ஏறக்குறைய 1.1 டன் பக்கவாட்டில் தள்ளுகிறது. 15 டிகிரி சாய்வால் அதில் சுமார் 2,800 நியூட்டன் மேல்நோக்கியும் போகிறது. அந்த 2,800 நியூட்டன் 17 மீட்டர் தள்ளி இருப்பதால், உடற்பகுதியோடு இறக்கை சேரும் இடத்தில் 48,000 நியூட்டன்-மீட்டர் பெண்டிங் மொமென்ட், அதாவது இறக்கையை வளைக்கும் திருப்புவிசை, தருகிறது. அங்கே ஏற்கெனவே இருப்பது சுமார் 24 லட்சம். இரண்டு சதவீதம் கூடுகிறது, சமாளிக்கலாம்.

நுனிப் பக்கம் வாருங்கள். முன்பு இறக்கையின் கடைசி ரிப்பில் (குறுக்கு விலா) பெண்டிங் மொமென்ட் பூஜ்யம். இப்போது விங்லெட்டின் நடுப்பகுதியில் விழும் பக்கவாட்டு விசை, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இழுத்து, அதே ரிப்பில் 11,000 நியூட்டன்-மீட்டர் போடுகிறது. பூஜ்யத்துக்காகச் செய்யப்பட்ட மெல்லிய தகட்டின்மேல் இது விழுகிறது. அதுவும் அமைதியான காற்றில். குலுக்கும் காற்றிலோ, பக்கக்காற்றில் விமானம் சறுக்கும்போதோ காற்றை எதிர்கொள்ளும் பக்கத்து விங்லெட்டில் இது பன்மடங்கு ஏறும். பழைய விமானத்தில் பொருத்துவது ஏன் நான்கு போல்ட் முறுக்கும் வேலை அல்ல என்பதற்கு இதுதான் காரணம். வெளிப்புற ரிப்புகள், ஸ்ட்ரிங்கர்கள் (தோலைத் தாங்கும் நீளவாட்டுப் பட்டைகள்), ஸ்பாரின் (இறக்கையின் முதன்மை உத்தரம்) கடைசிப் பகுதி ஆகியவற்றைப் பலப்படுத்திய பிறகுதான் விங்லெட்டைக் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது ஃப்ளட்டர். நுனியில், அதுவும் இறக்கையின் முறுக்கு அச்சுக்குப் பின்னால், எடை ஏறினால் முறுக்கு அதிர்வின் அதிர்வெண் குறைந்து வளைவு அதிர்வெண்ணை நெருங்கும். இரண்டும் கைகோத்தால் இறக்கை தானாகவே ஆட ஆரம்பிக்கும், ஆட்டம் நொடிகளில் பெருகும். பழைய வைத்தியம், நுனியின் முன்விளிம்புப் பக்கம் ஈடுஎடை வைப்பது. லாபத்துக்காகப் பொருத்திய ஒன்றுக்காகச் சும்மா இரும்பைச் சுமப்பது எரிச்சலான விஷயம்தான். ஆனால் அந்தக் கிலோக்களைக் குறைக்கப் பேரம் பேசக் கூடாது.

போட்டால் லாபமா

பாதி லாபம், 3.5 சதவீதம் என்று வைப்போம். 40,400 நியூட்டன் இழுவைக்கு இந்த ரக விமானம் மணிக்கு சுமார் 2,400 கிலோ எரிபொருள் குடிக்கிறது. 3.5 சதவீதம் என்றால் மணிக்கு 84 கிலோ மிச்சம். விங்லெட்டும் பலப்படுத்தலும் சேர்த்து 200 கிலோ கூடியதாகக் கொண்டால், அந்த எடையைத் தூக்க மணிக்கு ஆறு ஏழு கிலோ செலவு. (ஒரு கிலோ கூடுதல் எடைக்கு மணிக்கு அந்த எடையில் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் எரிபொருள் போகும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.) வருடம் 3,000 மணி நேரம் பயண உயரத்தில் பறந்தால் 230 டன் மிச்சம். இதை உங்கள் எரிபொருள் விலையால் பெருக்கி, பொருத்தும் செலவோடும், விமானம் ஹேங்கரில், அதாவது பராமரிப்புக் கூடத்தில், நின்ற நாட்களின் வருமான இழப்போடும் ஒப்பிடுங்கள். கடைசிச் செலவை மறந்துவிட்டுக் கணக்குப் போடுபவர்கள் அதிகம். சி-செக் எனப்படும் பெரிய பராமரிப்புச் சோதனை அல்லது அதைவிடப் பெரிய செக்கோடு சேர்த்துச் செய்தால் அந்தச் செலவு பெருமளவு காணாமல் போகும்.

குறுகிய தூரத்துக்கு இந்தக் கணக்கு வேறு. முக்கால் மணி நேரப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதி. எடை மட்டும் முழு நேரமும் கூடவே வரும். ஜப்பானின் உள்நாட்டுப் பயணங்களுக்காகச் செய்த 747-400டி-யில் போயிங் விங்லெட்டையே பொருத்தவில்லை. உங்கள் கால அட்டவணையில் சராசரிப் பயணம் ஒரு மணி நேரத்துக்குக் கீழே இருந்தால், விற்பனையாளர் காட்டும் படத்தை மடித்து வைத்துவிட்டு இந்தக் கணக்கை உங்கள் பயண நேரங்களால் திரும்பப் போடுங்கள்.

ஹேங்கரில்

எஸ்.டி.சி. எனப்படும் துணை வகைச் சான்றிதழின் பட்டியலில் உங்கள் விமானத்தின் வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மாடலிலும் குறிப்பிட்ட எண்ணுக்குப் பிறகு வந்தவற்றில் இறக்கை தொழிற்சாலையிலேயே பலப்படுத்தப்பட்டிருக்கும். அதற்கு முந்தையவற்றில் வேலை பல மடங்கு. முன்பு செய்த பழுதுபார்ப்புகள் வெளிப்புற இறக்கையில் இருந்தால், ஒவ்வொன்றும் புதிய பாரத்துக்குத் தாங்குமா என்று தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். வேலை இழுத்தடிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

இறக்கையிலுள்ள எரிபொருளை இறக்கி, காற்றோட்டம் கொடுத்து, வாயு அளவுமானியில் பாதுகாப்பு உறுதியான பிறகுதான் துளையிடும் கருவி உள்ளே போக வேண்டும். இறக்கையைத் தாங்கிகளில் நிறுத்தி, சொந்த எடையின் வளைவை எடுத்துவிடுங்கள். வளைந்த நிலையில் துளையிட்டால், நிமிர்த்தியபின் போல்ட்டுகளுக்குள் நிரந்தர இழுப்பு உட்கார்ந்துவிடும். பல மாதங்கள் கழித்து அது துளையோரத்தில் விரிசலாக வெளிவரும்.

கார்பன் இழை விங்லெட்டை அலுமினிய இறக்கையோடு நேராகச் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் இடையில் ஈரம் புகுந்தால் பேட்டரிபோல் வேலைசெய்து அலுமினியத்தை அரித்துவிடும். இடையில் கண்ணாடி இழைப் படலம், டைட்டானியம் போல்ட், போல்ட்டைச் சீலன்ட் தடவி ஈரமாகவே செலுத்துவது, இந்த மூன்றும் வேண்டும். சென்னை, மும்பை மாதிரி கடலோர நிலையங்களில் இரவு முழுக்க நிற்கும் விமானத்தில் இதில் ஒன்றைத் தவறவிட்டாலும், இணைப்பு ஓரத்தில் பெயின்ட் கொப்புளம் கட்டி, உள்ளே வெள்ளைத் தூள் கிடக்கும்.

அதே சமயம் மின்னலுக்குப் பாதை வேண்டும். மின்னல் முதலில் தொடும் இடங்களில் ஒன்று இறக்கை நுனி. விங்லெட்டின் மேல்தோலுக்குள் இருக்கும் செம்புவலையிலிருந்து இறக்கையின் உலோகத்துக்கு இணைப்புப் பட்டைகள் வழியாக மின்சாரம் தடையின்றி ஓட வேண்டும். மில்லிஓம்மீட்டரால் அளந்து, கையேட்டில் உள்ள வரம்புக்குள் இருக்கிறதா என்று எழுதிவையுங்கள். அளவு அதிகமாக வந்தால் பெரும்பாலும் பட்டையின் கீழே பெயின்ட் சுரண்டப்படாமல் இருக்கும்.

கடைசியாக விளக்குகள், ஸ்டேட்டிக் டிஸ்சார்ஜர்கள் (நிலைமின்சாரத்தை வெளியேற்றும் குச்சிகள்), பின் விமானத்தைத் தராசில் ஏற்றிப் புதிய எடையும் ஈர்ப்பு மையமும். பறப்புக் கையேட்டுக்கான துணைப் பக்கங்கள் காக்பிட்டில் இருக்க வேண்டும். பிறகு எளிதில் மறக்கப்படும் ஒன்று: விமானத்தின் எஃப்.எம்.எஸ். எனப்படும் பயண நிர்வாகக் கணினியிலும், பயணத் திட்டமிடும் மென்பொருளிலும் எரிபொருள் திருத்த எண்ணை மாற்றுவது. மாற்றாவிட்டால், பழைய இழுவையைக் கணக்கிட்டு ஒவ்வொரு முறையும் கூடுதல் எரிபொருளை ஏற்றிப் பறப்பீர்கள். மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கை அந்தக் கூடுதல் எடையே குடித்துவிடும்.

பொருத்திய மறுவாரமே லாபத்தைத் தேடாதீர்கள். காற்று, எடை, வெப்பநிலை எல்லாம் சேர்ந்து ஒரே பாதையில் நாளுக்கு நாள் மூன்று சதவீதத்தைவிட அதிக வேறுபாடு தரும். அதே விமானத்தின் நிலையான பயணத் தரவுகளை முன்னும் பின்னும் சில மாதங்கள் எடுத்து, இன்ஜின் தேய்மானத்தைத் திருத்தி ஒப்பிட வேண்டும். இடையில் இன்ஜினை மாற்றியிருந்தால் அந்த ஒப்பீடு செல்லாது.

தினசரி கண்

சுற்றிப் பார்க்கும்போது முன்விளிம்பில் பெயின்ட் உதிர்ந்திருக்கிறதா, மழையும் மணலும் அரித்திருக்கிறதா, இணைப்புக் கோட்டில் சீலன்ட் பிளந்திருக்கிறதா, விளக்குக் கண்ணாடியில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். குளிர் ஊர்களில் இரவு நின்றிருந்தால் விங்லெட்டின் இரு பக்கமும் உறைபனி படிந்திருக்கும். பனி நீக்கும் திரவம் தெளிப்பவர் இறக்கையின் மேற்பரப்பை முடித்துவிட்டு விங்லெட்டின் வெளிப்பக்கத்தை விட்டுவிடுவது வழக்கமான குறை. பெரும்பாலான விங்லெட்டுகளில் சூடாக்கும் வசதி இல்லை.

மின்னல் பட்டால், பட்டாணி அளவில் கருகிய புள்ளியோ, நுனியில் உருகிய முனையோ இருக்கும். ஒரு புள்ளியைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள், மின்னல் நுழைந்த இடமும் வெளியேறிய இடமும் வேறு. மறு நுனியையும் வால் பகுதியையும் பார்க்க வேண்டும்.

தரையில் இடிபடுவதுதான் விங்லெட்டுக்கு வரும் பெரிய ஆபத்து. பின்சாய்ந்த இறக்கை என்பதால், திரும்பும்போது நுனி, விமானம் நேராகப் போகும்போது இருக்கும் கோட்டைத் தாண்டி வெளியே வீசும். டாக்ஸி கோட்டில் (தரையில் விமானம் ஓட வரைந்த கோடு) சக்கரம் இருப்பதால் நுனியும் பத்திரம் என்று நம்பக் கூடாது. நெருக்கமான இடத்தில் இழுக்கும்போது இரு நுனிகளிலும் ஆள் நிற்க வேண்டும், ஒருவர் கைகாட்டி நிறுத்தினாலும் வண்டி நிற்க வேண்டும்.

ஏணியோ கேட்டரிங் வண்டியோ மெல்ல உரசிவிட்டுப் போயிருந்தால், கார்பன் தோலில் வெளியே கீறலுக்கு மேல் எதுவும் தெரியாது. உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஒரு நாணயத்தை எடுத்து, அடி பட்ட இடத்திலிருந்து வெளியே வட்டமாக, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு தட்டு வீதம் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டிங்' என்று கூர்மையாகக் கேட்கும். பிரிந்த இடம் அட்டைப் பெட்டியைத் தட்டினாற்போல் மந்தமாகக் கேட்கும். ஒலி மாறும் எல்லையை மெழுகுப் பென்சிலால் குறித்து, மறுபக்கமும் தட்டுங்கள். பக்கத்தில் ஏ.பி.யூ. (விமானத்தின் துணை இன்ஜின்) ஓடிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனையால் பயனில்லை, ஒலி வேறுபாடு காதில் விழாது. எல்லையைக் குறித்தபின் அல்ட்ராசோனிக் கருவியால் உறுதிசெய்து, பழுதுக் கையேட்டில் அனுமதிக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும்.

அளவு மீறினால், விங்லெட் இல்லாமல் பறக்கலாமா என்பதற்கு விடை சி.டி.எல். எனப்படும் விலகல் பட்டியலில் மட்டுமே இருக்கிறது. அங்கே அனுமதி இருந்தால் எடையிலும் எரிபொருளிலும் எவ்வளவு கழிக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கும். அங்கே இல்லையென்றால் விமானம் அன்றிரவு அங்கேயே நிற்கும்.